இடம் எழுபது, வலம் எழுபது

ஹட்டன் டவுனில்
மருந்துக்கடைக்கு மேலே என் அறை.
சுவரில் சாய்த்த மூன்று மெத்தைகள்,
முட்டை அட்டைகள்,
தகரக் கூரை.
மழை விடும் நேரம் பார்த்துத்தான் குரல் பதிவேன்.
இந்தப் பாட்டுக்கு
நான்கு நாள் காக்க வைத்தது மழை.

ஐந்தாம் நாள் பாலேந்திரன் வந்து
பாடிவிட்டுப் போனார்.
ஆறாம் நாள் ஞானேந்திரன்.
கூடப் பிறந்தவர்கள்.
ஒரு த்ரீவீலின் லீசிங் காசில்
பேச்சு நின்று இரண்டு வருசம்.
திருவிழாவுக்கு இருவரும் பாடிய ஒரே பாட்டு வேண்டும்
என்றது கோயில் கமிட்டி.
ஒரே மைக், ஒரே ஸ்டூல்.
ஸ்டூலின் உயரத்தை மட்டும்
ஆளுக்கொரு தரம் திருகி மாற்றினார்கள்.

இரவு பத்துக்கு மேல்
கொழும்பு பஸ்களின் ஹார்ன் அடங்கியதும்
கலக்க உட்கார்ந்தேன்.
எல்லா ஃபேடரையும் அடியில் இறக்கி
தப்பை மட்டும் மெல்ல ஏற்றினேன்.
தப்பு நடுவில்.
தீயில் காய்ச்சிய தோல் அது,
ஓரத்தில் ஒதுக்கினால்
மற்றக் காது பட்டினி கிடக்கும்.
ஆர்மோனியம் கொஞ்சம் இடம்.
ஜால்ரா அதற்கெதிரே, வலம் முப்பது.
ஜால்ராவின் அளவுதான் கஷ்டம்:
இருப்பது தெரியக் கூடாது,
எடுத்தால் இல்லாதது தெரிய வேண்டும்.

அண்ணனை இடம் எழுபதில் நிறுத்தினேன்.
தம்பியை வலம் எழுபதில்.
அவர்கள் வீடும் அப்படித்தான்,
ஒரே லயத்தின் இரண்டு முனை,
நடுவே ஆறு காம்பிரா.

ஹெட்ஃபோனைக் கழற்றித் திருப்பி மாட்டினேன்.
எப்போதும் செய்வதுதான்,
என் இடது காது கொஞ்சம் சோம்பேறி.
தம்பி இடப்பக்கம் வந்து நின்றான்,
அண்ணன் வலப்பக்கம்.
இருவருக்கும் இடையே இருந்த தூரம்
அப்படியே இருந்தது.

காலையில் அனுப்பிப் பத்து நிமிசம் ஆகவில்லை.
"என்னைய கொஞ்சம் ஏத்துங்க" அண்ணன்.
"அவரு சத்தம் கூட இருக்கே,
என்னையும் ஏத்துங்க" தம்பி.
தப்படித்த சன்னாசி தப்பை.
கமிட்டித் தலைவர்,
முதலில் உபயகாரர் பேர் வாசிக்கும் இடத்தை.
எல்லோரையும் ஏற்றினால்
சிவப்பு விளக்கு மட்டும்தான் பாடும்.
நான் யாரையும் ஏற்றவில்லை.
ஆர்மோனியத்தை இரண்டு டெசிபல் இறக்கினேன்.
அதை வாசித்தவரிடம் ஃபோன் இல்லை.

"இப்பத்தான் சரி."
"இப்பத்தான் சரி."

திருவிழா இரவு மேல் டிவிசனுக்குப் போனேன்.
சவுக்கு மரத்தில்
ஒரே ஒரு குழாய் ஸ்பீக்கர்.
மூன்று இரவு கண் விழித்து
நான் பிரித்து நிறுத்தியதெல்லாம்
ஒரே வாயால் வந்தது,
மஸ்கெலியா கடைசி பஸ்ஸில் ஏறிய சனம் போல
யார் தோளில் யார் கை என்று தெரியாமல்.

அண்ணன் தேர்ப்பக்கம் நின்றார்.
தம்பி அன்னதானக் கிடாரப் பக்கம்.
இருவரும் அந்த மரத்தைத்தான்
அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளத்துக்கு அப்பால் மலை.
அது கொஞ்சம் தாமதித்து
பாட்டைத் திருப்பி அனுப்பியது.
சொற்களை வைத்துக்கொண்டு
இழுவையை மட்டும்.
இடது காதில் குழாய்,
வலது காதில் மலை,
நடுவில் நான்
குளிருக்குக் கைகளைக் கக்கத்தில் செருகி.
மலையிலிருந்து வந்ததில்
அண்ணன் எது, தம்பி எது?
கலந்தவன் நான்.
எனக்கே பிடிபடவில்லை.

மீதி நாலாயிரம் இன்னும் வரவில்லை.
"அவன்கிட்ட கேளுங்க, வச்சிருப்பான்."
"அவர்கிட்ட சொல்லுங்க, நான் சொன்னேன்னு."
நாளைக்கு ஒரு தரம்
இவரிடம் அவனையும்
அவனிடம் இவரையும்
சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
நேற்று அண்ணன் ஃபோனை வைக்குமுன் கேட்டார்:
"தடிமன்னு சொன்னாங்களே,
அவனுக்கு இப்ப தொண்டை எப்படி?"